ஏழு முறை போனேன், ஒரு முறை நனைந்தேன்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்திய பழக்கம் இன்னும் போகவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வண்டர்லா பூங்கா 2025 டிசம்பரில் திறந்த செய்தியை என் பேரன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். கூடவே ஒரு கேள்வி: "பாட்டி, நீ வாட்டர் பார்க் போயிருக்கியா?"

எண்ணிப் பார்த்தேன். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆறு முறை. ஓய்வுபெற்ற பிறகு, கடந்த ஆடியில் தோழிகளோடு ஒரு முறை. ஆக ஏழு முறை போயிருக்கிறேன். தண்ணீரில் இறங்கியது அந்த ஏழாவது முறைதான். முதல் ஆறு முறையும் என்ன செய்தேன் என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு வேப்பமரமோ தகரக் கொட்டகையோ பார்த்து, உங்கள் பை, செருப்பு, கண்ணாடி, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆடியில் போனதற்குக் காரணம் சிக்கனம்தான். ஆடியில் கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை. பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஏப்ரல், மே மாதக் கூட்டம் வடிந்துவிடும். ஜவுளிக்கடைக்காரர் ஆடித் தள்ளுபடி போடுகிற அதே காரணத்துக்காகத்தான் பூங்காக்காரர்களும் வாரநாளில் விலையைக் குறைக்கிறார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யும் பம்பு, உயிர்காக்கும் காவலர், மின்சாரம் எல்லாம் ஆயிரம் பேர் வந்தாலும் ஐம்பது பேர் வந்தாலும் ஏறக்குறைய ஒரே செலவு. அதனால் வருகிற ஐம்பது பேரை எப்படியாவது வரவழைக்கப் பார்க்கிறார்கள்.

நாங்கள் நான்கு பேர். கணக்கு டீச்சர், மருத்துவமனையில் இருந்த நர்ஸ் அக்கா, சுரங்க அலுவலகத்தில் இருந்த தோழி, நான். நால்வருக்கும் வயது அறுபத்தைந்துக்கு மேல். ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை ஆர்ச் கேட்டைத் தாண்டி, வடலூர், கடலூர், புதுச்சேரி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். வடலூரைக் கடக்கும்போது நர்ஸ் அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். 1867இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலை அங்கே இருக்கிறது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்தவர் யாரும் போய் உட்காரலாம். வரிசை உண்டு, சீட்டு இல்லை. அந்த "சீட்டு இல்லை" என்ற வார்த்தை வழியெல்லாம் என் மனதில் ஓடிக்கொண்டே வந்தது. இந்தப் பதிவே அதைப் பற்றியதுதான்.

நம் ஊரில் தண்ணீர் விளையாட்டு புதிதல்ல. பரிபாடல் வையையில் புதுவெள்ளம் வந்தபோது மதுரையே திரண்டு போய் ஆடியதைப் பாடுகிறது. பெருங்காப்பியத்தில் இன்னின்ன வர்ணனைகள் வேண்டும் என்று இலக்கணம் சொல்லும் தண்டியலங்காரம், புனலாட்டையும் அந்தப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆடிப் பதினெட்டு அன்று காவிரிக் கரையில் இன்றும் சித்திரான்னக் கூடையோடு குடும்பம் குடும்பமாக இறங்குகிறார்கள். இதற்கெல்லாம் கதவு கிடையாது. ஆற்றுக்கு யார் கதவு போட முடியும்?

ராட்டினமும் அப்படித்தான். நம் வில்லுடையான்பட்டு முருகன் கோயில் பங்குனி உத்திரத்தை நினைத்துப் பாருங்கள். காவடி ஒரு பக்கம், ராட்டினம் ஒரு பக்கம். ஏறுகிறவர் காசு கொடுப்பார். ஏறாதவர் கீழே நின்று வாய் பிளந்து பார்ப்பார். பார்ப்பதற்குக் காசு இல்லை. கையில் காசில்லாத பிள்ளையும் அந்தத் திருவிழாவுக்குள்தான் இருந்தது. வெளிச்சம், சத்தம், பொரி வாசனை, மேலே போகிறவர்களின் அலறல் எல்லாம் அதற்கும் சொந்தம்.

இதை மாற்றியது வேலி. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெர்ரிஸ் என்ற பொறியாளர் 264 அடி உயர ராட்சத ராட்டினத்தை நிறுத்தினார். 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர். ஒரே நேரத்தில் 2160 பேர் ஏறலாம். நாம் 'ஜெயன்ட் வீல்' என்று சொல்வதன் மூதாதை அது. இரண்டே வருடத்தில், 1895இல், நியூயார்க்கின் கோனி தீவில் பால் பாய்ட்டன் என்பவர் ஒரு இடத்தைச் சுற்றி வேலி போட்டு, வாசல் வைத்து, உள்ளே வரக் கட்டணம் வாங்கினார். சீ லயன் பார்க் என்று பெயர். இன்றைய கேளிக்கைப் பூங்காக்களுக்கு அதுவே முன்னோடி என்பார்கள். ராட்டினத்தைவிடப் பெரிய கண்டுபிடிப்பு அந்த வாசல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பிறகு பார்ப்பதற்கும் காசு வந்துவிட்டது.

1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோதுகூட நுழைய ஒரு கட்டணம், ஒவ்வொரு சவாரிக்கும் தனிக் காசு என்றுதான் இருந்தது. ஒரே சீட்டில் எல்லாம் என்ற முறைக்கு டிஸ்னி முழுதாக மாறியது 1982இல். நீர்ப்பூங்கா இன்னும் பிந்திய பிள்ளை. 1977இல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் ஜார்ஜ் மில்லே தொடங்கிய வெட் அண்ட் வைல்டைத்தான் இன்றைய வகை நீர்ப்பூங்காக்களில் முதலாவதாகச் சொல்கிறார்கள்.

ஒரு சுவையான செய்தி, நெய்வேலிக்காரர்களுக்கு. ரோலர் கோஸ்டரின் பிறப்பிடம் ரஷ்யா. அங்கே குளிர்காலத்தில் மரச்சட்டத்தின்மேல் பனிக்கட்டி படிய வைத்துச் சறுக்கி விளையாடினார்கள். அதனால் பிரெஞ்சு மொழியில் ரோலர் கோஸ்டருக்கு 'ரஷ்ய மலை' என்று பெயர். ரஷ்ய மொழியிலோ அதற்கு 'அமெரிக்க மலை' என்று பெயர்! நம் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது. சுரங்கத்தின் வாளிச்சக்கர இயந்திரங்கள் ஜெர்மனி தந்தவை. இப்படி நாலு தேசத்துப் பொறியாளர் நடமாடிய ஊரில் வளர்ந்த உங்களுக்கு இந்தப் பெயர்க் குழப்பம் ஆச்சரியமாக இருக்காது.

இந்தியாவுக்கு வருவோம். 1982 ஆசிய விளையாட்டின் சின்னம் அப்பு யானை. அதன் பெயரில் டெல்லியில் 1984 நவம்பர் 19 அன்று அப்பு கர் திறந்தது. 2008இல் அது மூடப்பட்டது. 1989இல் மும்பையில் எஸ்ஸெல் வேர்ல்டு. சென்னைக்காரர்களுக்குத் தீவுத்திடல் பொருட்காட்சி இருந்தது. தவணை முறையில் வீட்டுச் சாமான் விற்றுப் பெயர் பெற்ற வி.ஜி.பி. நிறுவனத்தாரின் கோல்டன் பீச்சும் இருந்தது. அதன் வாசலில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்க நீங்கள் பட்ட பாடு எனக்கு மறக்காது. 1995இல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா வந்தது. தொடங்கியவர் நவோதயா அப்பச்சன். 1984இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற, இந்தியாவின் முதல் 3டி படத்தைத் தயாரித்தவர் அவர்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு திரையில் பார்த்த மாயத்தை நிலத்தில் கட்டினார் என்று சொல்லலாம். அதே தொண்ணூறுகளில் முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்தில் பிளாக் தண்டர். 2000இல் கொச்சியில் வீகாலாந்து. இன்றைய வண்டர்லா அதிலிருந்து வளர்ந்ததுதான்.

எல்லாம் ஏன் தொண்ணூறுகளில் மொய்த்தன? 1991க்குப் பிறகு ஒரு பிரிவினர் கையில் சம்பளத்தில் மிச்சம் விழுந்தது. கேபிள் டிவி வந்து, உலகம் எப்படி விளையாடுகிறது என்று காட்டியது. நகரத்தில் ஆறும் குளமும் குளிக்கத் தகாதவை ஆகிக்கொண்டிருந்தன. அதுவரை பள்ளிச் சுற்றுலா என்றால் தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், பிச்சாவரம். வரலாற்று டீச்சர் என்ற முறையில் நான்தான் வழிகாட்டி. 1996இல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள்: "கிஷ்கிந்தா, மிஸ்!" சோழன் தோற்றான். குரங்குகளின் ராஜ்யம் வென்றது.

இதுவரை வரலாறு. இனி நான் சொல்ல வருவது இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்தது.

அந்த வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியை. பஸ் வாடகை, நுழைவுச்சீட்டு, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு தொகை வைத்தோம். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்த பிள்ளைகளுக்கு அது பெரிதல்ல. மறுநாளே கவரில் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஆர்ச் கேட்டுக்கு வெளியிலிருந்து நடந்து வரும் ஒரு பெண் மட்டும் கொண்டுவரவில்லை. அப்பா ஒப்பந்த வேலை. அந்தத் தொகை அவருக்குப் பல நாள் கூலி. கடைசி நாளுக்கு முதல் நாள் அவள் என் மேஜை பக்கம் வந்து, "மிஸ், எனக்குக் காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு, நான் வரலை" என்றாள்.

அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் சுற்றுலாப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'உடல்நலக் குறைவு' என்று எழுதினேன். அவள் மானத்தைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் என் வேலையைச் சுலபமாக்கிக்கொண்டேன். ஆசிரியர் அறையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆளுக்குக் கொஞ்சம் போட்டிருப்போம். பொய் தயாராகக் கையில் வந்தபோது நான் கேட்காமலே வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் 'நான் சென்ற சுற்றுலா' என்று தமிழ் டீச்சர் கட்டுரை எழுதச் சொன்னார். யார் வந்தார், யார் வரவில்லை என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பெண்ணும் எழுதினாள். மற்றவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு, பஸ் புறப்பட்டதிலிருந்து திண்டிவனத்தில் டீ குடித்தது வரை ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். வகுப்பிலேயே நல்ல கட்டுரை அதுதான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தமிழ் டீச்சர் சிவப்பு மையால் சுழித்திருந்தார். 'அலைக் குளத்தில் முங்கி எழுந்தபோது தண்ணீர் உப்புக் கரித்தது' என்று எழுதியிருந்தாள். அலை என்றால் கடல், கடல் என்றால் உப்பு. அவள் அறிந்த அலை அது ஒன்றுதான். தமிழ் டீச்சர் ஆசிரியர் அறையில் அதைப் படித்துக் காட்டிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

திருவிழா ராட்டினத்தடியில் அவள் நின்றிருந்தால் ஏறாமலே அதைப் பற்றித் தப்பில்லாமல் எழுதியிருப்பாள். வேலிக்கு வெளியே நின்றதால்தான் அந்த உப்பு வந்தது.

நம் ஊரின் கதையையும் இங்கே சேர்த்துப் பார்க்கிறேன். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டும்போது தண்ணீரோடு ஒரு கரிய பொருள் வந்தது. அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. 1956 நவம்பர் 14 அன்று நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு கிடக்கும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைக்காவிட்டால் அது தரையை உடைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். சுரங்கத்தைப் பார்க்கக் கூட்டிப்போகும்போது இதை உங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! கிராமங்கள் நிலம் கொடுத்தன. நிழல் சாலைகளோடு வட்டம் வட்டமாக டவுன்ஷிப் எழுந்தது. அதற்கும் ஒரு வாசல் வைத்தோம். ஆர்ச் கேட். அந்த வாசலுக்குள் வாழ்ந்த நாங்கள், வெளியிலிருந்து வந்தவர்களைப் பார்க்காமலே பழகிவிட்டோம். பூங்கா வாசலை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

சரி, ஆடிச் செவ்வாய்க்கு வருகிறேன். நாங்கள் போன பூங்காவின் பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும், விடுங்கள். வாகன நிறுத்தத்தில் எண்ணிப் பத்து கார். சீட்டு கொடுத்த பெண் எங்கள் நால்வரையும் பார்த்துவிட்டு, "பசங்க பின்னாடி வர்றாங்களாம்மா?" என்று கேட்டாள். "நாங்கதான் பசங்க" என்றார் கணக்கு டீச்சர்.

முதலில் ரோலர் கோஸ்டர். ஓட்டுநர் பையன், "இன்னும் நாலு பேர் வந்தா ஓட்டறேன்மா, ஆள் கம்மியா இருந்தா ஓட்ட மாட்டோம்" என்றான். கூட்டமில்லாத நாளில் இது ஒரு தொல்லை. காத்திருந்த நேரத்தில் கணக்கு டீச்சர் பாடம் நடத்தினார். சங்கிலி உச்சிவரை இழுத்துப் போவதோடு இயந்திரத்தின் வேலை முடிந்துவிடுகிறது, அதன் பிறகு எல்லாம் புவியீர்ப்புதான், அதனால்தான் அடுத்து வரும் மேடுகள் முதல் மேட்டைவிடத் தாழ்வு என்றார். கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் வந்தார்கள். வண்டி ஏறும்போது வந்த 'டக் டக்' சத்தம், சங்கிலி அறுந்தாலும் பெட்டி பின்னால் சரியாமல் தடுக்கும் பல்லின் சத்தமாம். இறங்கும்போது அந்தப் பாடம் யாருக்கும் நினைவில்லை. நர்ஸ் அக்கா மட்டும் கண்ணை மூடிக் கந்த சஷ்டி கவசம் சொன்னார். பாதிக்கு வருவதற்குள் வண்டி நின்றுவிட்டது.

பிறகு தண்ணீர். புடவையோடு இறங்க விடமாட்டார்கள். நைலான் உடைதான் வேண்டும், வாடகைக்குக் கிடைக்கும். பருத்தித் துணி நனைந்தால் கனத்துச் சறுக்கில் சிக்கும், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும் என்று காரணம் சொன்னார்கள். நாலு பாட்டிகளும் நீல நிற நைலானில் வெளியே வந்து ஒருவரையொருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஆறு சுற்றுலாவிலும் ஆண் ஆசிரியர்கள் பேண்ட்டை மடித்துவிட்டு, பிறகு முழுதாகவே, தண்ணீரில் இறங்கினார்கள். பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எங்களிடம்தான் கொடுத்தார்கள். யாரும் எங்களைத் தடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வாசலுக்கு உள்ளேயும் ஒரு வாசல் இருந்திருக்கிறது. மே மாதக் கூட்டத்தில் இந்த உடையில் நின்றிருக்க மாட்டோம். கூட்டமில்லாத ஆடி அந்த வாசலைத் திறந்துவிட்டது.

அலைக் குளத்தில் முழங்கால் ஆழத்தில் நின்றோம். சங்கு ஊதினார்கள். எதிர்ச் சுவருக்குப் பின்னால் அறைகளில் காற்றை அழுத்தி விட்டு விட்டுத் தண்ணீரைத் தள்ளுகிறார்கள், அதுதான் அலை ஆகிறது என்று சுரங்க அலுவலகத் தோழி சொன்னார். பம்பு விஷயத்தில் அவரை மிஞ்ச முடியாது. "நம்ம ஊர்ல தண்ணி மேலே வராம இருக்க பம்பு ஓடுது. இங்க தண்ணி ஆடறதுக்கு பம்பு ஓடுது" என்றார். முதல் அலை இடுப்பில் மோதியது. இரண்டாவது அலையில் காலிடறி முங்கிப்போனேன். வாயில் ஒரு மடக்குத் தண்ணீர்.

உப்பில்லை. குளோரின் வாசனையோடு சப்பென்று இருந்தது.

அங்கேயே நின்றுவிட்டேன். இத்தனை வருடம் கழித்து அந்தக் கட்டுரையின் சிவப்புச் சுழி கண்முன் வந்தது. தண்ணீர் உப்பில்லை என்பது அந்த ஆசிரியர் அறையில் சிரித்த எனக்கும் நேரடியாகத் தெரியாது. நானும் ஆறு முறை போய், ஒரு முறைகூட வாயில் பட்டதில்லை. அவளைப் போலவே நானும் கேள்விப்பட்டதை வைத்துத்தான் சிரித்திருக்கிறேன்.

அந்தப் பெண் இந்தப் பதிவைப் படிக்கலாம், படிக்காமலும் போகலாம். பெயர் சொல்லமாட்டேன். அம்மா, நீ என்றால் உனக்குத் தெரியும். உனக்குக் காய்ச்சல் இல்லை என்று எனக்கு அன்றே தெரியும். கேட்டிருக்க வேண்டியவள் நான். கேட்கவில்லை. அது என் தப்பு.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். ஓய்வுபெற்றவள் என்ற உரிமையில் மூன்று வேண்டுகோள். சுற்றுலாவுக்கு ஆடி மாதத்து வாரநாளைத் தேர்ந்தெடுங்கள். பள்ளிக் குழுவுக்குத் தனி விலை உண்டா என்று முன்கூட்டியே பேசுங்கள். மிச்சமாகும் தொகையில் இரண்டு மூன்று பிள்ளைகள் தாராளமாக வரலாம், யார் யாருக்கு என்று வகுப்புக்குத் தெரியவே வேண்டாம். இரண்டாவது, 'உடல்நலக் குறைவு' என்று எழுதுவதற்கு முன் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். சுடவில்லை என்றால் பேனாவை மூடிவிட்டு ஆசிரியர் அறைக்குப் போங்கள். மூன்றாவது, பைகளை முறை வைத்துக் காவல் காருங்கள். டீச்சர்களும் நனையட்டும்.

பேரனுக்கு இப்படிப் பதில் அனுப்பினேன்: "ஏழு முறை போயிருக்கேன். வர்ற ஆடியில உன்னையும் கூட்டிட்டுப் போறேன். உன் வகுப்புல போக முடியாத பையன் யாராவது இருந்தா இப்பவே சொல்லு. ஆறு மாசம் இருக்கு, சேர்த்துடலாம்."

எந்த வருடம், எந்த வகுப்பில், எங்கே போனோம் என்று கீழே எழுதுங்கள். வராமல் போனவர்களும் எழுதுங்கள். அவர்கள் எழுதுவதைத்தான் முதலில் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்,
நெய்வேலி